மீன் தொட்டித் தண்ணீர் தரைக்கு வராமல் காப்பது எப்படி: முழுமையான வழிகாட்டி

எங்கள் வீடு வியாசர்பாடியில், இரண்டாம் மாடியில் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு மே மாத இரவில் மின்சாரம் போனது. புழுக்கத்தில் புரண்டு படுத்து எப்போதோ தூங்கிவிட்டோம். விடியற்காலையில் கீழ் வீட்டு அக்கா வந்து கதவைத் தட்டினார். அவர் வீட்டுச் சமையலறைக் கூரையிலிருந்து சொட்டிய தண்ணீர் மூலையில் நிறுத்தியிருந்த அரிசி மூட்டையை நனைத்திருந்தது. அவர் கோபப்படவில்லை. "மீனெல்லாம் பிழைத்திருக்கிறதா, தம்பி?" என்றுதான் முதலில் கேட்டார். அவர் திட்டியிருந்தால்கூட எனக்கு அவ்வளவு வலித்திருக்காது.

கூடத்தில் இருந்த 2 அடித் தொட்டியில் பாதித் தண்ணீரைக் காணவில்லை. கண்ணாடியில் கீறல் இல்லை, ஒட்டும் விடவில்லை. ஸ்டாண்டின் அடித்தட்டில் வைத்திருந்த, தொட்டிக்குள் காற்றை ஊதும் ஏர் பம்ப் வழியாக, பென்சில் தடிமன்கூட இல்லாத ஒரு குழாயில், தண்ணீர் இரவு முழுவதும் மெல்ல இறங்கியிருந்தது. அன்றிலிருந்து நண்பர்களோ உறவினர்களோ புதிதாகத் தொட்டி வைத்தால் கூடவே போய் நிற்பதை வழக்கமாக்கிக்கொண்டேன். நான் பார்த்த வரையில், கண்ணாடி உடைந்து வீடு நனைவது அபூர்வம். தண்ணீர் தரைக்கு வருவதற்குப் பெரும்பாலும் காரணம் தவறான இடத்தில் வைத்த பம்ப், கவனிக்காமல் விட்ட குழாய், நிரம்பி வழிந்த வாளி ஆகியவைதான். ஆகவே தொட்டி வாங்கும் நாளில் தொடங்கி ஒவ்வொரு வேலையாகப் பார்ப்போம்.

1. இடத்தை முடிவு செய்யுங்கள், பிறகு தொட்டியை

ஒரு கன அடித் தண்ணீர் 28.3 லிட்டர், அதாவது ஏறக்குறைய 28 கிலோ. 2 அடி நீளம், 1 அடி அகலம், 1 அடி உயரம் கொண்ட சிறிய தொட்டி நிரம்பினால் தண்ணீர் மட்டுமே சுமார் 57 கிலோ. 3 அடி நீளமும், அகலமும் உயரமும் ஒன்றரை அடியுமான தொட்டியில் 191 லிட்டர். அதே அகல உயரத்தில் 4 அடி என்றால் 255 லிட்டர். தண்ணீரைப் போல இரண்டரை மடங்கு அடர்த்தியுள்ள கண்ணாடியையும் கல்லையும் ஸ்டாண்டையும் சேர்த்தால் 4 அடித் தொட்டி 350 கிலோவை எட்டிவிடும்.

குடியிருப்பு அறைகளின் தளம் பொதுவாகச் சதுர மீட்டருக்கு 200 கிலோ சுமை என்ற கணக்கில் வடிவமைக்கப்படுகிறது. 4 அடித் தொட்டி அரை சதுர மீட்டருக்குச் சற்றே கூடுதலான இடத்தில் அந்த 350 கிலோவையும் இறக்குகிறது. சுமை சுற்றிலும் பரவும் என்பதால் தளம் உடனே இறங்கிவிடாதுதான். ஆனாலும் மாடி வீட்டில் பெரிய தொட்டியை அறையின் நடுவில் வைக்காதீர்கள். சுவரை ஒட்டி, கீழே தூணோ உத்தரமோ இருக்கும் பக்கமாக வையுங்கள். ராயபுரம், பழைய வண்ணாரப்பேட்டைப் பக்கம் மரக்கட்டைகளின் மேல் செங்கல்லும் சுண்ணாம்பும் பாவிய மெட்ராஸ் டெரஸ் மாடிகள் இன்னும் பல உண்டு. அப்படிப்பட்ட மாடியில் 2 அடிக்கு மேல் ஆசைப்படாதீர்கள். பெரிய தொட்டிதான் வேண்டும் என்றால் கீழ்த்தளத்தில் வையுங்கள், அல்லது ஒரு கட்டடப் பொறியாளரை அழைத்து இடத்தைக் காட்டுங்கள்.

கதவு திறந்தால் இடிக்கும் இடமும், பிள்ளைகள் பந்து விளையாடும் இடமும் கூடாது. பால்கனியும் கூடாது. மழைநீர் வடிவதற்காக அதன் தரை சரிவாகவே போடப்பட்டிருக்கும். தொட்டிக்கு நேர் கீழே இன்வெர்ட்டரும் பேட்டரியும் வைத்திருக்கும் வீடுகளைப் பார்த்திருக்கிறேன். இடம் இல்லாத வீடுகளில் இது எப்படி நேர்கிறது என்பது எனக்குப் புரிகிறது. ஆனால் இரண்டில் ஒன்றை இடம் மாற்றியே ஆக வேண்டும்.

2. கொளத்தூரில் தொட்டி வாங்கும்போது

வடசென்னையில் மீன் தொட்டி என்றால் கொளத்தூர்தான். ஞாயிற்றுக்கிழமை காலையில் போனால், பாலிதீன் பைகளில் தொங்கும் கப்பியையும் கோல்டு ஃபிஷையும் பார்த்துக்கொண்டே தொட்டியைச் சரியாகப் பார்க்காமல் பணம் கொடுத்துவிடுவோம். மீனை அடுத்த வாரம் வாங்கலாம். முதல் நாள் தொட்டியை மட்டும் பாருங்கள்.

தண்ணீரின் அழுத்தம் தொட்டியின் நீளத்தைப் பொறுத்து மாறாது, உயரத்தைப் பொறுத்தே மாறும். அதனால்தான் குட்டையான நீளத் தொட்டியைவிட, நெடிதுயர்ந்த தொட்டிக்குத் தடித்த கண்ணாடி வேண்டும். 4 அடி நீளமும் ஒன்றரை அடி உயரமும் உள்ள முன் கண்ணாடியை, நிரம்பிய தண்ணீர் சுமார் 125 கிலோ விசையுடன் இரவும் பகலும் வெளியே தள்ளிக்கொண்டிருக்கிறது. 1 அடி உயரத்துக்கு 5 மில்லிமீட்டரும், ஒன்றரை அடி உயரத்தில் 3 அடி நீளத்துக்கு 8 மில்லிமீட்டரும், 4 அடி நீளத்துக்கு 10 மில்லிமீட்டரும் குறைந்த அளவு என்று வைத்துக்கொள்ளுங்கள். பெரிய தொட்டிகளின் மேல் விளிம்பில் குறுக்கே ஒட்டியிருக்கும் கண்ணாடிப் பட்டை அழகுக்காக வைத்தது அல்ல. முன் கண்ணாடி வெளியே வளையாமல் அதுதான் இழுத்துப் பிடிக்கிறது. மேலிருந்து கையை விடுவதற்கு இடைஞ்சல் என்று அதை உடைத்து எடுத்தவர்களும் உண்டு. தயவுசெய்து செய்யாதீர்கள்.

ஒட்டுகளை வெளிச்சத்துக்கு நேராகப் பிடித்துப் பாருங்கள். இரு கண்ணாடிகளுக்கு இடையே உள்ள சிலிக்கான் ஒரே சீராக, குமிழி இல்லாமல் இருக்க வேண்டும். ஒரு விளிம்பிலிருந்து மறு விளிம்பு வரை நீளும் குமிழி என்றால் அது தண்ணீருக்குப் போட்டுக் கொடுத்த வழி. மூலைகளில் கண்ணாடி சிதறியிருந்தால் வேண்டாம். பழைய தொட்டி மலிவாகக் கிடைத்தால், அது எங்கே கிடந்தது என்று கேளுங்கள். மொட்டை மாடி வெயிலில் மாதக்கணக்கில் காலியாகக் கிடந்த தொட்டியின் ஒட்டை நம்ப முடியாது. நகத்தால் சுரண்டினால் உரிந்து வந்தாலோ, தொட்டால் ரப்பர் போல் நெகிழாமல் காய்ந்திருந்தாலோ விட்டுவிடுங்கள்.

எடுத்து வரும்போது பழைய போர்வையைச் சுற்றி, ஆட்டோவின் இருக்கையில் படுக்கை வசத்தில் வையுங்கள். இரு சக்கர வண்டியின் பின்னால் ஒருவர் மடியில் பிடித்துக்கொண்டு வருவது வேண்டாம். ஒவ்வொரு வேகத்தடையிலும் ஒட்டுகள் முறுக்கப்படும். தூக்கும்போது அடிக் கண்ணாடிக்குக் கீழே கை கொடுங்கள், மேல் பட்டையைப் பிடிக்காதீர்கள். தண்ணீர் உள்ள தொட்டியை, அடியில் இரண்டு அங்குலம்தான் இருக்கிறது என்றாலும், தூக்கவோ நகர்த்தவோ கூடாது. அலை ஒரு பக்கம் ஓடும்போது அடிக் கண்ணாடி முறுகும். நல்ல தொட்டிகள் இப்படித்தான் வீணாகின்றன.

3. மீன் வருவதற்கு முன் இரண்டு நாள் சோதனை

தொட்டியைக் கூடத்தில் வைப்பதற்கு முன், நனைந்தாலும் பரவாயில்லாத இடத்தில், சமமான பலகையின் மேல் தெர்மாகோல் விரித்து வையுங்கள். நிழலாக இருக்கட்டும். நான்கு ஓரங்களையும் சுற்றிச் செய்தித்தாளைப் பரப்புங்கள். காகிதம் ஒரு சொட்டைக்கூட மறைக்காமல் காட்டிக்கொடுக்கும்.

முதலில் மூன்றில் ஒரு பங்கு நிரப்பி ஒரு மணி நேரம் பொறுங்கள். பிறகு மூன்றில் இரண்டு பங்கு. பிறகு முழுவதும். நிரப்பியதும் வெளிப்பக்க ஒட்டுகளைத் துணியால் நன்றாகத் துடைத்துவிடுங்கள், ஊற்றும்போது சிந்தியதைக் கசிவு என்று நினைத்துக் குழம்பாமல் இருக்க. 48 மணி நேரம் அப்படியே விடுங்கள். இந்தச் சோதனையைத் தவிர்ப்பவர்கள் சொல்வது ஒன்றுதான்: புதுத் தொட்டிதானே. புதுத் தொட்டிக்குத்தான் இது மிகவும் தேவை. அவசரத்தில் ஒட்டிய சிலிக்கான் முழுவதும் இறுகாமலே கடையிலிருந்து வந்திருக்கலாம்.

4. ஸ்டாண்டும் மட்டமும்

கடலை ஒட்டிய காசிமேடு, திருவொற்றியூர், எண்ணூர் பக்கத்து வீடுகளில் இரும்பு ஸ்டாண்டை உப்புக்காற்று தின்றுவிடும். வெல்டிங் செய்த இணைப்புகள்தான் முதலில் துருப்பிடிக்கும். புதிதாகச் செய்தால் ரெட் ஆக்சைடு அடித்து, அதன் மேல் எனாமல் பெயிண்ட் இரண்டு பூச்சு கொடுக்கச் சொல்லுங்கள். ஆண்டுக்கு ஒருமுறை இணைப்புகளைத் தட்டிப் பாருங்கள். மரத்தூளை அழுத்திச் செய்த மலிவு மேசைகள் ஒருமுறை நனைந்தாலே உப்பிவிடும். பார்க்க மேசை நின்றுகொண்டுதான் இருக்கும், ஆனால் மேல்பலகை வளைந்து தொட்டியின் ஒரு மூலை அந்தரத்தில் நிற்கும்.

தொட்டியை ஏற்றுவதற்கு முன் ஸ்டாண்டின் மேல் ரசமட்டம் வைத்து நீளவாக்கிலும் அகலவாக்கிலும் பாருங்கள். கொத்தனாரிடம் கேட்டால் தருவார். மொசைக் தரையுள்ள பழைய வீடுகளில் தண்ணீர் வடியும் பக்கமாக ஒரு சரிவு இருக்கும், கண்ணுக்குத் தெரியாது. சரிசெய்யக் கட்டை கொடுப்பதானால் ஸ்டாண்டின் கால்களுக்குக் கீழே கொடுங்கள். தொட்டிக்கும் ஸ்டாண்டுக்கும் இடையே அட்டையோ கட்டையோ செருகவே கூடாது. முழுச் சுமையும் அந்த ஒரு புள்ளியில் இறங்கி அடிக் கண்ணாடி விரிசல் விடும்.

அடிக் கண்ணாடி நேரடியாகப் பலகையில் உட்காரும் தொட்டிகளுக்குக் கீழே அரை அங்குலத் தெர்மாகோல் போடுங்கள். சிறு கல், ஆணித் தலை போன்றவற்றின் உறுத்தலை அது வாங்கிக்கொள்ளும். சுற்றிலும் பிளாஸ்டிக் சட்டம் போட்டு, அடிக் கண்ணாடி தரையில் படாமல் தூக்கியிருக்கும் தொட்டிகளுக்குத் தெர்மாகோல் வேண்டாம். அது நடுவில் மேல்நோக்கி அழுத்தித் தீங்கு செய்யும்.

உள்ளே பெரிய பாறை வைப்பதானால் முதலில் பாறையை வைத்து, பிறகு அதைச் சுற்றி மணலைப் போடுங்கள். ஆஸ்கார், ஃபிளவர் ஹார்ன் போன்ற மீன்கள் மணலைத் தோண்டும். மணலின் மேல் நின்ற பாறை ஒரு நாள் சாய்ந்து கண்ணாடியில் விழும்.

5. மின்வெட்டுக்குத் தயாராகுங்கள்

எங்கள் வீட்டில் நடந்தது இங்கேதான். ஏர் பம்ப் ஓடும் வரை குழாயில் காற்று நிறைந்து தண்ணீரை வெளியே தள்ளிக்கொண்டிருக்கும். மின்சாரம் நின்றதும் குழாய்க்குள் தண்ணீர் ஏறும். பம்ப் தொட்டியின் நீர்மட்டத்துக்குக் கீழே இருந்து, விளிம்பைத் தாண்டும் குழாயின் வளைவு நீர்மட்டத்துக்கு மிக அருகில் இருந்தால், தண்ணீர் அந்த வளைவைத் தாண்டிவிட வாய்ப்பு உண்டு. ஒருமுறை தாண்டினால் பிறகு எதுவும் அதை நிறுத்தாது. குழாய் முனையில் குமிழி விடும் கல்லான ஏர் ஸ்டோன் எந்த ஆழத்தில் கிடக்கிறதோ அந்த ஆழம் வரை தொட்டி காலியாகும். ஏர் ஸ்டோனை நாம் அடியில்தானே போடுகிறோம்! எல்லா மின்வெட்டிலும் இது நடக்காது. என் வீட்டில் அதற்கு முன் எத்தனையோ முறை மின்சாரம் போய் வந்தது, ஒன்றும் ஆகவில்லை. அதனால்தான் கவனிக்காமல் விட்டேன்.

இதைத் தடுக்க மூன்று வழிகள். முதலாவது, செலவே இல்லாதது: பம்பைத் தொட்டியின் நீர்மட்டத்துக்கு மேலே வையுங்கள். சுவரில் ஒரு ஆணி அடித்துத் தொங்கவிட்டால் போதும். தொட்டியின் மூடி மேல் வைத்தால் அதிர்வில் நகர்ந்து தண்ணீருக்குள் விழும், அதனால் மூடி வேண்டாம். இரண்டாவது, குழாயின் நடுவே ஒரு நான்-ரிட்டர்ன் வால்வு பொருத்துங்கள். சிறிய பிளாஸ்டிக் பொருள், மீன் கடைகளிலேயே கிடைக்கும். காற்றை ஒரு திசையில் மட்டும் விடும், தண்ணீரைத் திரும்ப விடாது. பொருத்துவதற்கு முன் வாயால் ஊதிப் பாருங்கள்: பம்ப் பக்கமிருந்து ஊதினால் காற்று போக வேண்டும், தொட்டிப் பக்கமிருந்து ஊதினால் போகக் கூடாது. திசை மாற்றிப் பொருத்தினால் குமிழியே வராது. உள்ளே இருக்கும் ரப்பர் நாளடைவில் இறுகிவிடும், ஆண்டுக்கு ஒன்று மாற்றிவிடுங்கள். மூன்றாவது, குழாயைத் தொட்டி விளிம்பிலிருந்து ஓரிரு அடி மேலே ஏற்றி வளைத்துவிட்டுப் பிறகு இறக்குங்கள்.

நான் இப்போது முதலிரண்டையும் சேர்த்தே செய்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் மழையின்போது வடசென்னையின் பல தெருக்களில் நாள்கணக்கில் மின்சாரம் இல்லை. அந்த நாள்களில் பேட்டரி பம்பை மாட்டுவதும் கழற்றுவதுமாக இருந்தேன். ஆனால் தரையில் ஒரு சொட்டும் இல்லை.

எல்லாம் பொருத்திய பிறகு ஒரு பகல் நேரத்தில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போதே, தொட்டியின் எல்லாச் சுவிட்சுகளையும் அணைத்துவிட்டு அரை மணி நேரம் கவனியுங்கள். தொட்டிக்குக் கீழே சம்ப் என்னும் இன்னொரு தொட்டி வைத்து, மோட்டாரால் மேலே தண்ணீர் ஏற்றுபவர்களுக்கு இந்தச் சோதனை மிக முக்கியம். மோட்டார் நின்றதும் மேல் தொட்டியிலிருந்தும் குழாய்களிலிருந்தும் இறங்கும் தண்ணீர் முழுவதையும் தாங்கும் அளவுக்குச் சம்ப்பில் இடம் காலியாக இருக்க வேண்டும். அந்த அளவை ஒரு கோடாகச் சம்ப்பில் வரைந்துவிடுங்கள். அந்தக் கோட்டுக்கு மேல் ஒருநாளும் நிரப்பாதீர்கள்.

6. ஃபில்டர், ஒயர்

தொட்டியின் விளிம்பில் தொங்கும் ஃபில்டர் ஒரு பக்கம் சாய்ந்திருந்தால் தண்ணீர் பின்பக்கமாக வழியும், சுவரோரம் என்பதால் பல நாள் தெரியாது. பஞ்சு அடைத்துக்கொண்டாலும் பெட்டிக்குள் நீர்மட்டம் உயர்ந்து வழியலாம். பஞ்சை வாரம் ஒருமுறை தொட்டித் தண்ணீரிலேயே பிழிந்து அலசுங்கள்.

வெளியே தனியாக நிற்கும் கேனிஸ்டர் ஃபில்டரில் கவனிக்க வேண்டியது மூடியைச் சுற்றியுள்ள ரப்பர் வளையம். சுத்தம் செய்து மூடும்போது அதில் ஒரு மணல் துகள் இருந்தாலும் கசியும். விரலால் துடைத்து, சிலிக்கான் கிரீஸை மெல்லியதாகத் தடவி மூடுங்கள். குழாய் பொருந்தும் இடங்களில் கிளிப் போட்டு இறுக்குங்கள். ஃபில்டரையே ஒரு பிளாஸ்டிக் தொட்டிக்குள் நிறுத்தி வைத்தால் சிறு கசிவு தரைக்கு வராது.

ஒயர்கள் தொட்டியிலிருந்து நேராகப் பிளக்குக்குப் போகக் கூடாது. பிளக்கைவிடக் கீழே ஒரு வளைவாகத் தொங்கிவிட்டுப் பிறகு மேலே ஏறட்டும். ஒயர் வழியே ஓடிவரும் தண்ணீர் அந்த வளைவின் அடியிலேயே சொட்டிவிடும், சுவிட்சுக்குள் போகாது. எக்ஸ்டென்ஷன் பாக்ஸைத் தரையில் போடாதீர்கள். மின்கசிவு ஏற்பட்டதும் மின்சாரத்தைத் துண்டிக்கும் 30 மில்லி ஆம்பியர் ஆர்சிசிபி வீட்டில் இல்லை என்றால், தொட்டிக்காகச் செலவிடும் பணத்தில் முதலில் அதைப் போடுங்கள். இதில் விட்டுக்கொடுக்கவே கூடாது, ஈரத்தரையில் வெறுங்காலோடு ஓடி வருபவை பிள்ளைகளின் கால்கள்.

7. தண்ணீர் மாற்றும் நாள்

சிந்தும் தண்ணீரில் பெரும்பகுதி இந்த ஒரு மணி நேரத்தில்தான் சிந்துகிறது. முதலில் ஃபில்டரையும் பம்பையும் அணையுங்கள். நீர்மட்டம் இறங்கும்போது அவை வறண்டு ஓடக் கூடாது. தொட்டிக்கு முன்னால் பழைய லுங்கியையோ சாக்கையோ விரித்துவிடுங்கள்.

தொட்டியிலிருந்து தண்ணீரை வாளிக்கு இறக்கும் சைஃபன் குழாயின் மறுமுனையை வாளியில் போட்டுவிட்டு நகராதீர்கள். முனையை வாளியின் விளிம்போடு ஒரு துணி கிளிப்பால் பிடித்துவைத்தால் அது துள்ளி வெளியே வராது. 15 லிட்டர் வாளி என்றால், 2 அடித் தொட்டியில் ஒரு வாளி எடுப்பதே நான்கில் ஒரு பங்குக்கு மேல். அதுவே போதும். எத்தனை வாளி எடுக்கிறோம் என்று வாய்விட்டு எண்ணுங்கள். வாளியை முக்கால் அளவோடு நிறுத்துங்கள், விளிம்பு வரை நிரம்பிய வாளி குளியலறை போய்ச் சேர்வதற்குள் பாதி வழியை நனைத்துவிடும்.

இனி நிரப்புவது. காலையில் மெட்ரோ வாட்டர் வரும் நேரத்தில் வீட்டில் எல்லாருக்கும் ஆயிரம் வேலை. குடம் ஒரு பக்கம், டிரம் ஒரு பக்கம். அந்த அவசரத்தில் ரப்பர் குழாயைத் தொட்டிக்குள் போட்டுவிட்டு, நிரம்புவதற்குள் வந்துவிடலாம் என்று அடுப்பைப் பார்க்கப் போவார்கள். பால் பொங்கும், பிள்ளைக்கு டை கட்ட வேண்டும், வாசலில் யாரோ கூப்பிடுவார்கள். நான் கேட்ட வெள்ளக் கதைகளில் பாதி இப்படித்தான் தொடங்குகின்றன. அலாரம் வைப்பதை நான் நம்புவதில்லை. குழாயைக் கையில் பிடித்துக்கொண்டு நிற்க முடியும் என்றால் மட்டும் குழாயில் நிரப்புங்கள், முடியாவிட்டால் வாளியில் ஊற்றுங்கள். முந்தின நாளே டிரம்மில் பிடித்து வைத்த தண்ணீரை வாளியில் கொண்டு வந்து ஊற்றுவதுதான் மீனுக்கும் நல்லது, தரைக்கும் நல்லது. எடுத்த வாளிகளின் எண்ணிக்கையே ஊற்றும் வாளிகளின் எண்ணிக்கை. ஊற்றும்போது ஒரு தட்டின் மேல் ஊற்றினால் மணலும் கலங்காது, தண்ணீரும் தெறிக்காது.

குழாயில் நிரப்பினால், வால்வை மூடிய கையோடு குழாயைத் தொட்டியிலிருந்து வெளியே எடுத்துவிடுங்கள். முனை தண்ணீருக்குள் கிடக்க, மறுமுனை கழன்று தரையில் விழுந்தால், வந்த வழியே தண்ணீர் திரும்பும்.

நீர்மட்டம் விளிம்புக்கு 2 அங்குலம் கீழே நிற்கட்டும். விளிம்பு வரை நிரப்பினால் பார்க்க அழகாகத்தான் இருக்கும். ஆனால் 2 அடித் தொட்டியில் 1 செ.மீ. நீர்மட்டம் என்பது 1.8 லிட்டர். செடி நடுவதற்கு முழங்கைக்கு மேல் கையை விட்டாலே அந்த அளவு உயர்ந்து வழிந்துவிடும். சரியான மட்டத்தில் ஒரு டேப் துண்டை வெளியே ஒட்டிவிடுங்கள். வீட்டில் வேறு யார் நிரப்பினாலும் அந்த அடையாளத்தைப் பார்ப்பார்கள்.

மூடி அவசியம். அரோவானாவும் ஆஸ்காரும் உணவுக்குத் துள்ளும்போது ஒரு குவளைத் தண்ணீரைச் சுவரில் அடித்துவிடும். கண்ணாடி மூடியை விளிம்பின் உட்பக்கமாக அமரும்படி வெட்டச் சொன்னால், அடியில் கோக்கும் நீர்த்துளிகள் தொட்டிக்குள்ளேயே விழும். ஏர் ஸ்டோனைச் சுவர் ஓரமாக வைக்காமல் நடுவே வையுங்கள். வெடிக்கும் குமிழிகளின் சாரல் மாதக்கணக்கில் பட்டுச் சுவரின் சுண்ணாம்பு உதிர்ந்ததை எங்கள் வீட்டிலேயே பார்த்தேன்.

8. கையால் தடவிப் பாருங்கள்

வாரம் ஒருமுறை, துடைத்த உலர்ந்த விரலை அடி ஓரங்கள் நான்கிலும் ஓட்டுங்கள். கண்ணுக்குப் படாத ஈரம் விரலுக்குத் தெரியும். வெளிப்பக்க ஒட்டில் வெள்ளைக் கோடு போல உப்புப் படிந்திருந்தால் அங்கே மெல்லிய கசிவு இருக்கிறது என்று பொருள். தண்ணீர் ஆவியாகிவிடும், உப்பு தங்கிவிடும். நம் பகுதியின் போர்த் தண்ணீரில் உப்பு அதிகம் என்பதால் இந்த அடையாளம் சீக்கிரமே தெரியும். பாசி சுரண்டும் பிளேடு மூலைகளில் உள்ள சிலிக்கானை வெட்டாமல் பார்த்துக்கொள்ளுங்கள். மூலைக்கு அரை அங்குலம் முன்பே நிறுத்திவிட்டு, மீதியைப் பஞ்சால் துடையுங்கள்.

கண்ணாடிக்கு வெளியே ஈரம் கண்டால் உடனே பதற வேண்டாம். மழை நாளிலோ, தண்ணீரைக் குளிர்விக்கும்போதோ கண்ணாடி வியர்க்கும். வியர்வை முகப்பு முழுவதும் பரவலாக இருக்கும். கசிவு ஒரு ஒட்டில் தொடங்கிக் கீழ்நோக்கி மட்டும் ஓடும். சந்தேகம் தீரவில்லை என்றால், ஒரு வாய் அகன்ற பாத்திரத்தில் தண்ணீர் நிரப்பித் தொட்டிக்குப் பக்கத்திலேயே, தொட்டியின் மூடியையும் எடுத்துவிட்டு, ஒரு நாள் வையுங்கள். இரண்டிலும் மட்டத்தைக் குறித்துக்கொள்ளுங்கள். பாத்திரத்தில் இறங்கிய அளவே தொட்டியிலும் இறங்கியிருந்தால் அது ஆவியானது. தொட்டியில் தெளிவாகக் கூடுதலாக இறங்கியிருந்தால் அது கசிவு.

9. கசிந்துவிட்டால்

முதலில் மெயின் சுவிட்சை அணையுங்கள். தேங்கிய தண்ணீரில் காலை வைப்பதற்கு முன் இது நடக்க வேண்டும். மாடி வீடு என்றால் இரண்டாவது வேலை, கீழ் வீட்டாரிடம் சொல்வது. அவர்கள் படுக்கையையும் மூட்டையையும் நகர்த்திக்கொள்ள ஐந்து நிமிடம் கிடைக்கும்.

அடுத்து, கசிவு எந்த உயரத்தில் என்று பாருங்கள். துளைக்குக் கீழே உள்ள தண்ணீர் கசியாது. மேல் பாதியில் கசிந்தால், அதற்குக் கீழ் வரை தண்ணீரை இறக்கிவிட்டால் மீன்கள் உள்ளேயே இருக்கலாம். அடியில் கசிந்தால், தொட்டித் தண்ணீரையே வாளிகளில் பிடித்து மீன்களை மாற்றி, காற்றுக் குழாயைப் போட்டு, மேலே வலையை மூடுங்கள். ஃபில்டர் பஞ்சையும் அதே தண்ணீரில் ஊறப்போடுங்கள், கழிவைச் சிதைக்கும் நுண்ணுயிர்கள் அதில்தான் வாழ்கின்றன. எத்தனை மீன் இருந்தாலும் ரெட்டேரியிலோ கால்வாயிலோ விடாதீர்கள். வெளியூர் மீன்கள் ஏரியைக் கெடுக்கும், கொளத்தூரில் கேட்டால் வைத்துக்கொள்ள ஆள் கிடைக்கும்.

வெளிப்பக்கம் சிலிக்கானைப் பூசிச் சமாளிக்க முயலாதீர்கள். உள்ளிருந்து தள்ளும் தண்ணீர் அதை உரித்துவிடும். தொட்டியை முழுவதும் காலி செய்து காயவைத்து, உட்புறத்தில்தான் வேலை செய்ய வேண்டும். கண்ணாடியே விரிசல் விட்டிருந்தாலும், இரு கண்ணாடிகளுக்கு இடையே உள்ள ஒட்டு பிரிந்திருந்தாலும் தொட்டி செய்பவரிடம் கொடுத்துவிடுங்கள். உள் மூலையின் ஒட்டு மட்டும் உரிந்திருந்தால் நீங்களே செய்யலாம்.

புதுச் சிலிக்கான் பழைய சிலிக்கானோடு ஒட்டாது. ஆகவே கசியும் இடத்தில் மட்டும் ஒட்டுப் போடுவது பயன் தராது. உள் மூலைகளின் பழைய சிலிக்கானை முழுவதும் பிளேடால் வழித்தெடுங்கள். கண்ணாடிகளுக்கு இடையே உள்ளதைத் தொடாதீர்கள். ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்து உலரவிடுங்கள். பூஞ்சைத் தடுப்பு கலக்காத, நூறு சதவீத சிலிக்கானாகப் பார்த்து வாங்குங்கள். குளியலறைக்கானது வேண்டாம், அதில் உள்ள மருந்து மீனைக் கொல்லும். இருபுறமும் மாஸ்கிங் டேப் ஒட்டி, ஒரே இழுப்பில் போட்டு, ஈர விரலால் ஒருமுறை மட்டும் நீவி, காய்வதற்கு முன்பே டேப்பை உரித்துவிடுங்கள். வினிகர் வாடை அடங்கும் வரை, குறைந்தது மூன்று நாள் தண்ணீர் படக் கூடாது. பெரிய தொட்டிக்கு ஒரு வாரம் கொடுங்கள். பிறகு செய்தித்தாளை விரித்து, அதே 48 மணி நேரச் சோதனையை மறுபடியும் செய்யுங்கள்.

10. ஊருக்குப் போகும்போது

பொங்கலுக்கோ கல்யாணத்துக்கோ நான்கு நாள் போவதற்கு முன் பெரிய வேலை எதையும் செய்யாதீர்கள். தண்ணீர் மாற்றியதும் ஃபில்டரைக் கழற்றி மாட்டியதும் குறைந்தது இரண்டு நாள் உங்கள் கண் முன்னால் ஓடியிருக்க வேண்டும். தொட்டிச் சுவிட்சுகளின் மேல் சிவப்பு டேப் ஒட்டி, எது பம்ப், எது ஃபில்டர் என்று எழுதிவையுங்கள். நான் வீட்டுச் சாவியைக் கீழ் வீட்டு அக்காவிடம் கொடுத்துவிட்டுப் போகிறேன். போவதற்கு முன் அவரை மேலே அழைத்து, மெயின் சுவிட்ச் எங்கே, வாளியும் பழைய துண்டும் எங்கே, நீர்மட்டத்தின் டேப் அடையாளம் எது என்று காட்டிவிடுவேன். அவர் தினமும் சாயங்காலம் ஒருமுறை வந்து பார்த்துவிட்டு, கப்பிகளுக்கு ஒரு சிட்டிகை உணவையும் போட்டுவிட்டுப் போகிறார்.